இணையவழி விற்பனவு: மன்னார்க் கமக்காரர் முறையைத் தெரிவு செய்தல்

மன்னார் மாவட்டத்திற் பெரும்போக நெல் பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலே அறுவடைக்கு வருகின்றது. கட்டுக்கரைக் குளத்தின் நீரைப் பெறும் முருங்கன், நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் முதலிய பகுதிகளில் அறுவடை இயந்திரங்கள் இறங்கிய சில கிழமைகளுள் நெல் மூடைகள் வயலோரத்திற் குவிந்து விடுகின்றன. உழவிற்கும் உரத்திற்கும் பெற்ற கடனைத் தீர்க்க வேண்டிய காலமும் அதுவே. உலர்த்துவதற்குப் போதிய களமின்றிக் கமக்காரர் வீதியோரங்களில் நெல்லைப் பரப்புவதும், அதற்கும் வழியில்லாதோர் ஈர நெல்லை வந்த விலைக்குக் கொடுத்துவிடுவதும் ஆண்டுதோறும் காணப்படுவனவாம்.

மரக்கறிச் செய்கையாளர் நிலையும் இதனின் வேறன்று. மன்னார்த் தீவின் மணற்பாங்கான தோட்டங்களிலும், பெருநிலப் பகுதியிலுள்ள கிணற்றுத் தோட்டங்களிலும் கத்தரி, வெண்டி, பயற்றை, மிளகாய், பூசணி ஆகியன விளைவிக்கப்படுகின்றன. அயலவர் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே பயிரை நட்டால், அனைவரும் ஒரே கிழமையில் அதனைப் பறிக்க வேண்டியுள்ளது. அப்பொழுது ஊர்ச் சந்தையில் விலை வீழ்ச்சியடைகின்றது. தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்பினால் வெயிலும் வீதிக் குலுக்கலும் பொருளைக் கெடுக்கின்றன. இலங்கையில் விளையும் மரக்கறியிலும் பழங்களிலும் நூற்றுக்கு 30 முதல் 40 வரையான பங்கு அறுவடைக்குப் பின்னர் வீணாகின்றதென மதிப்பிடப்பட்டுள்ளது.

இந்நிலையிற் கைத்தொலைபேசியும் இணையமும் கமக்காரருக்குப் புதிய வழிகளைத் திறந்துள்ளன. வட்ஸ்அப், முகநூல், யூரியூப், விற்பனைத் தளங்கள், சொந்த இணையத்தளம், பணங்கொடுத்துச் செய்யும் விளம்பரம் என அவ்வழிகள் பலவாகும். எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்குபவர் எதனையும் ஒழுங்காக நடத்த இயலாது இடர்ப்படுவர். எந்நிலத்திற்கு எவ்விதை ஏற்றது என்று பார்ப்பது போலவே, எப்பொருளுக்கு எவ்விற்பனவு முறை ஏற்றது என்பதையும் ஆராய்ந்து தெரிவு செய்தல் வேண்டும்.

விலையறிதலின் பயனும் எல்லையும்

தொலைபேசியால் விற்பனவு சீரடையும் என்பதற்குக் கேரளத்தின் வடகரையோரம் சான்றாகும். 1997 ஆம் ஆண்டிற்கும் 2001 ஆம் ஆண்டிற்கும் இடையில் அங்கே கைத்தொலைபேசிச் சேவை படிப்படியாகப் பரவியது. அதற்கு முன்னர், மத்தி மீனைப் பிடித்த மீனவர் தத்தம் ஊர்க்கரைக்கே வந்து விற்றனர். ஒரு துறையில் வாங்குவோரின்றி மீன் கொட்டப்பட்ட அதே நாளில், அருகிலுள்ள வேறு துறைகளில் மீன் கிடைக்காது வாங்குவோர் திரும்பினர். தொலைபேசி வந்த பின்னர் மீனவர் கடலில் இருந்தவாறே விலை கேட்டு, தேவையுள்ள கரைக்குப் படகைச் செலுத்தினர். பொருளியலாளர் ரொபேட் ஜென்சன் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மீன் வீணாவது ஏறக்குறைய முற்றாக நின்றது. மீனவரின் இலாபம் நூற்றுக்கு 8 பங்கு கூடியது. நுகர்வோர் கொடுத்த விலையோ நூற்றுக்கு 4 பங்கு குறைந்தது. விற்றவரும் வாங்கியவரும் ஒருங்கே பயனடைந்தனர்.

ஆயினும், மகாராட்டிர மாநிலத்தில் நிகழ்ந்தது வேறு. அங்கே கமக்காரருக்குச் சந்தை விலைகளையும் வானிலைச் செய்தியையும் குறுஞ்செய்தியாக அனுப்பும் சேவையொன்றைப் பற்றி 100 கிராமங்களில் ஆய்வு நடத்தப்பட்டது. பாவ்சாம், மின்டன் ஆகிய இருவரும் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட அதன் முடிவின்படி, அச்செய்தியைப் பெற்றோர் சராசரியாகக் கூடிய விலை பெற்றனர் எனக் கூற இயலவில்லை.

இவ்விரண்டையும் ஒப்பிடும் கமக்காரர் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். மீனவரிடம் படகு இருந்தது; ஆதலால் விலை கூடிய கரைக்கு அவர் தாமே செல்ல முடிந்தது. விலையை அறிந்தும் வண்டி இல்லாதவர், முற்பணம் பெற்றதனால் ஒரே வியாபாரிக்குக் கட்டுப்பட்டவர், ஒரு நாள் கூடப் பொருளை வைத்திருக்க இயலாதவர் ஆகியோருக்கு அவ்வறிவு மட்டும் போதாது. "இவ்விலைக்குத் தர இயலாது" என்று மறுக்கக்கூடிய நிலையை உண்டாக்கிக் கொள்வதே விற்பனவின் முதற்படியாகும். நெல்லுக்கு உலர் களமும் சேமிப்பிடமும், மரக்கறிக்கு இரண்டாவது மூன்றாவது வாங்குநரும் அந்நிலையைத் தருவன.

அன்றாட விலையை அறியும் வழிகள் உள. 1999 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தம்புள்ளை விசேட பொருளாதார நிலையத்தின் மொத்த விலைகளை இலங்கை மத்திய வங்கி தனது அன்றாட விலை அறிக்கையில் இணையத்தில் வெளியிடுகின்றது. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் விலைத் தரவுகளை வெளியிடுகின்றது. அவ்விலை தம்புள்ளையில் உள்ள விலை என்பதை மறத்தலாகாது. மன்னாரிலிருந்து மதவாச்சி, அனுராதபுரம் வழியாக அங்கு செல்லும் லொறிக் கூலி, ஏற்றிறக்கு கூலி, தரகு, வழியிற் கெடும் பங்கு ஆகியவற்றைக் கழித்த பின்னர் எஞ்சுவதே தோட்டத்தில் எதிர்பார்க்கத்தக்க விலையாகும்.

முதலிற் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

விற்பனவு முறையைத் தெரிவு செய்யுமுன் பின்வரும் மூன்று கேள்விகளுக்கு விடை காணுதல் நன்று.

முதலாவது: பொருள் எத்தனை நாள் கெடாதிருக்கும்? வெண்டியும் கீரையும் ஓரிரு நாளில் வாடும். பூசணி பல கிழமை இருக்கும். நன்கு உலர்ந்த நெல், பயறு, உழுந்து, எள், கச்சான் ஆகியன பல மாதம் இருக்கும்.

இரண்டாவது: எவ்வளவு பொருள், எத்தனை முறை கிடைக்கும்? ஒரே நாளில் 5,000 கிலோகிராம் நெல்லை விற்க விரும்புபவருக்குத் தேவையானவர் ஒரு நல்ல ஆலைக்காரர். கிழமைக்கு 50 கிலோகிராம் கத்தரிக்காய் விற்பவருக்குத் தேவையானவர் தொடர்ந்து வாங்கும் சில கடைக்காரர்.

மூன்றாவது: வாங்குவோர் எங்கே இருக்கின்றனர்? மன்னார் நகரிலா, வவுனியாவிலா, யாழ்ப்பாணத்திலா, கொழும்பிலா? உள்ளூரில் வாங்குநர் இருக்க, பல்லாயிரம் அந்நியர் காணும்படி விளம்பரம் செய்தல் வீண் செலவாகும்.

மரக்கறிக்கு ஏற்ற முறை

விரைவில் வாடும் மரக்கறிக்கு முகநூற் பக்கமோ காணொளியோ முதன்மையான வழியன்று. இன்று இட்ட செய்தியை வாங்குவோர் நாளை மறுநாள் காண்பாராயின், அதற்குள் பொருள் பழுதாகிவிடும். இதற்கு ஏற்றது வட்ஸ்அப் ஆகும். நகரிலுள்ள மரக்கறிக் கடைகள், உணவுச்சாலைகள், விடுதிகள், சமையற் குத்தகையாளர், மொத்த வியாபாரிகள் ஆகியோரின் இலக்கங்களை அவர்தம் சம்மதத்துடன் பெற்று, பறிப்பதற்கு முதல்நாள் மாலையில் செய்தி அனுப்புதல் வேண்டும்.

செய்தி சுருக்கமாகவும் நிறைவாகவும் இருத்தல் அவசியம். பொருளின் பெயர், தரம், நிறை, பறிக்கும் நேரம், கையளிக்கும் இடம், விலை ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். "நாளை காலை 6 மணிக்கு நானாட்டானில் முதற்தரக் கத்தரிக்காய் 60 கிலோ; தோட்ட விலை கிலோ இவ்வளவு; இரவு 8 மணிக்கு முன் அறிவிப்போருக்கு ஒதுக்கப்படும்" என்றவாறு எழுதினால் வாங்குபவர் மீண்டும் மீண்டும் விசாரிக்க வேண்டியிராது. பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் போதுமானது. சென்ற கிழமை எடுத்த படத்தை இன்று அனுப்புதல் கூடாது. ஒரு முறை ஏமாந்தவர் மறுமுறை வாங்கமாட்டார்.

அறிவிக்கப்பட்ட விலையைக் காக்க, பறிப்பிலும் பொதியிலும் கவனம் வேண்டும். வெயிலேறுமுன் பறித்து, நிழலில் வைத்து, தரம் பிரித்து, மூடைக்குப் பதிலாக பிளாத்திக்குப் பெட்டிகளில் அடுக்கினால் நசுங்கல் குறையும். மன்னாருக்கு மரக்கறியும் சரக்கும் கொண்டுவந்து வெறுமையாகத் திரும்பும் லொறிகளைத் தொலைபேசியில் முன்கூட்டியே பேசி அமர்த்துவதாற் கூலியையும் குறைக்கலாம்.

இக்கருவியின் மிகப் பெரும் பயன் பயிரிடுமுன் கிடைப்பதாகும். நாற்றுமேடை இடுவதற்கு முன்னரே வாங்குவோரிடம், வரும் மாதங்களில் எப்பொருள் எவ்வளவு தேவைப்படும் எனக் கேட்டறிந்து, அதற்கேற்பப் பரப்பைப் பிரித்து, இரண்டு கிழமை இடைவெளியிற் பகுதி பகுதியாக நட்டால் ஒரே நாளிற் பொருள் குவியும் இடர் குறையும்.

நெல்லும் அரிசியும்

நெல்லை விற்பவர் முதலில் ஈரப்பதனைக் கணித்தல் வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும் நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14 ஐ விஞ்சுதல் ஆகாது. நூற்றுக்கு 20 ஈரப்பதனுடைய 1,000 கிலோகிராம் நெல்லை 14 வரை உலர்த்தினால் ஏறக்குறைய 930 கிலோகிராம் எஞ்சும். எடுத்துக்காட்டாக, ஈர நெல்லுக்கு வியாபாரி கிலோவிற்கு 105 ரூபா கொடுக்க, உலர்ந்த நெல் 120 ரூபாவிற்கு விலைபோகுமாயின், முன்னதன் வருமானம் 1,05,000 ரூபா; பின்னதன் வருமானம் 1,11,600 ரூபா. வேற்றுமை 6,600 ரூபா. உலர்த்தும் கூலி, சாக்கு, ஏற்றுகூலி ஆகியன இத்தொகைக்குக் குறைவாயின் உலர்த்தி விற்றல் இலாபம். கூடுமாயின் ஈர நெல்லாகவே விற்றல் நன்று. விலையையும் கூலியையும் மாற்றியிட்டு ஒவ்வொரு போகத்திலும் இக்கணக்கைச் செய்து பார்த்தல் வேண்டும். அரசாங்கம் 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவும், சம்பாவிற்கு 125 ரூபாவும், கீரிச்சம்பாவிற்கு 132 ரூபாவும் கொள்வனவு விலையாக அறிவித்தது. இவ்வாறான அறிவிப்பைப் போகந்தோறும் கேட்டறிதல் பேரம் பேசுவதற்கு உதவும்.

பெருந்தொகை நெல்லுக்கு இணையத்தில் விளம்பரம் தேவையில்லை. முருங்கன், வவுனியா, அனுராதபுரம் ஆகிய இடங்களிலுள்ள ஆலைக்காரருள் குறைந்தது நால்வருக்கு நெல்லினம், ஈரப்பதன், பதரின் அளவு, மொத்த நிறை ஆகியவற்றை ஒரே நாளில் அறிவித்து விலை கேட்டல் போதுமானது. ஒருவரிடம் மட்டும் கேட்பவருக்கு அவர் சொல்வதே விலையாகும்.

நெல்லின் ஒரு பகுதியை அரிசியாக்கி விற்கும்பொழுதே இணையம் முழுப் பயன் தரும். வடபகுதி மக்கள் விரும்பும் சிவப்புப் புழுங்கலரிசிக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாங்குவோர் உளர். மேற்கூறிய 930 கிலோகிராம் உலர் நெல்லிலிருந்து ஏறக்குறைய 600 கிலோகிராம் அரிசி பெறலாம். மாதம் 25 கிலோகிராம் வாங்கும் 20 குடும்பங்கள் கிடைத்தால் ஆண்டிற்கு 6,000 கிலோகிராம் அரிசி விற்பனையாகும். அதற்கு ஏறக்குறைய 10,000 கிலோகிராம் ஈர நெல் வேண்டும். ஆகவே, ஒரு கமக்காரருக்குத் தேவையானோர் பல்லாயிரவர் அல்லர். நம்பிக்கையுடன் மாதந்தோறும் வாங்கும் இருபது வீட்டாரே.

தவிடு முற்றாக நீக்கப்படாத அரிசி விரைவிற் சிக்குவாடை பெறும். ஆதலால், நெல்லாகவே சேமித்து, கட்டளை வந்த அளவிற்கு மாதந்தோறும் குற்றுவித்து அனுப்புதல் வேண்டும். பொதியில் அடைத்து விற்கும் உணவுப் பொருள் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்திற்கு அமைந்ததாயிருத்தல் வேண்டும். சிட்டையில் இருக்க வேண்டிய விபரங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். தகுந்த சான்றின்றி "இயற்கைப் பசளையில் விளைந்தது" என விளம்பரம் செய்தல் கூடாது.

முகநூலும் காணொளியும்

உலர்ந்த பயறு, உழுந்து, எள், கச்சான், மிளகாய், அரிசி, பனங்கட்டி, ஒடியல் முதலிய கெடாத பொருள்களுக்கு முகநூற் பக்கம் ஏற்றது. இவற்றைத் தபால் வழியாகவோ பொதிச்சேவை வழியாகவோ தொலைவிற்கு அனுப்பலாம். பக்கத்தில் பொருளின் விலை, பொதியின் நிறை, அனுப்புகூலி, அனுப்பும் நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். கிழமைக்கு ஒரு பதிவாயினும் தவறாது இடுதலும், கேட்டவருக்கு அன்றே மறுமொழி கூறுதலும் அலங்காரமான படங்களைக் காட்டிலும் பயன் தருவன.

காணொளி உடனடி விற்பனவைத் தருவதன்று, நம்பிக்கையை வளர்ப்பது. அருவிவெட்டும், நெல் அவித்தலும், மிளகாய் உலர்த்தலும் ஓரிரு நிமிடக் காட்சியாக இருந்தால், பொருள் எங்கிருந்து வருகின்றதென வாங்குபவர் அறிவர். வேலை மிகுந்த காலத்தில் இதற்கு நேரமில்லையெனின் விட்டுவிடுதலில் இழப்பில்லை.

வீதியோரக் கடையோ சிற்றாலையோ நடத்துபவர், கூகுள் வரைபடத்தில் இடத்தின் பெயரையும் திறந்திருக்கும் நேரத்தையும் பதிவு செய்தல் கட்டணமில்லாத நல்ல வழியாகும். ஆகஸ்ட் 15 ஆம் நாள் மடுத் திருவிழாவிற்கும், மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்திற்கும் வெளியூர் மக்கள் பெருந்திரளாக வருகின்றனர். சிவராத்திரி பெரும்போக அறுவடைக் காலத்தை ஒட்டி வருவதால் புத்தரிசி விற்பதற்கு உகந்தது. அவ்விழாக்களுக்கு ஒரு கிழமை முன்னர் அறிவித்தல் இட வேண்டும்.

பணங்கொடுத்துச் செய்யும் விளம்பரம்

முகநூலிற் பணஞ்செலுத்தி, இன்ன நகரில் இன்ன மொழி பேசுவோர்க்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டச் செய்யலாம். இதனைத் தொடங்குமுன் கணக்கிடுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 3,000 ரூபா செலவிட்டு 20 பொதிகள் விற்றால் ஒரு பொதிக்கு விளம்பரச் செலவு 150 ரூபா. 5 கிலோகிராம் பொதியில் எஞ்சும் இலாபம் 300 ரூபாவாயின் பாதி அதிலே போகின்றது. அவ்வாறு வந்த வீட்டார் அடுத்த மாதமும் வாங்கினால் செலவு ஈடாகும். ஒரு முறையுடன் நின்றுவிட்டால் ஈடாகாது. எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை பேர் விரும்பினர் என்னும் எண்கள் வருமானம் அல்ல. சிறுதொகையுடன் ஒரு முறை சோதித்து, விற்ற பொதிகளை எண்ணிய பின்னரே மேலும் செலவிடுதல் வேண்டும்.

சொந்த இணையத்தளம் தனிக் கமக்காரருக்குத் தொடக்கத்தில் தேவைப்படாது. பல பொருள்களை ஆண்டு முழுவதும் விற்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கே அது பொருந்தும்.

ஒன்றுகூடி விற்றல்

தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14 ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவருக்கு அடையாள அட்டையும் தராசும் வாடகையில்லாக் கடையும் வழங்கி, அன்றாட விலையைப் பலகையில் எழுதி வைத்தனர். இடைத்தரகரின்றி விற்க வழி பிறந்தது. ஆயினும் தோட்டத்தை விட்டு உழவர் சந்தையில் இருக்க வேண்டியதாயிற்று. நேரடி விற்பனவு எதுவாயினும் நேரத்தை விலையாகக் கேட்கின்றது. இணையவழி விற்பனவும் அவ்வாறே: அழைப்புகளுக்கு மறுமொழி, பொதி கட்டல், கணக்கெழுதல் ஆகியவற்றை யாரேனும் செய்தல் வேண்டும்.

ஆகவே, ஐந்து அல்லது பத்துக் கமக்காரர் ஒன்றுகூடி, தொலைபேசியை நன்கு கையாளும் ஊர் இளைஞர் ஒருவருக்கு அப்பொறுப்பை அளித்து, விற்ற தொகையில் ஒரு பங்கை ஊதியமாகக் கொடுத்தல் சிறந்தது. ஒருவரிடம் குறையும் பொருளை மற்றொருவர் நிரப்புவதால் வாங்குபவர் வெறுங்கையுடன் திரும்பார். கமக்காரர் அமைப்புகள் இதனை முன்னின்று நடத்தலாம். ஆனால் தரம் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒருவரது பழுதான மூடை பத்துப் பேரின் பெயரையும் கெடுக்கும்.

பணமும் பாதுகாப்பும்

வங்கியிற் பணமிட்டதாகக் காட்டும் படத்தை மட்டும் நம்பிப் பொருளை அனுப்புதல் கூடாது. அத்தகைய படங்களைப் போலியாக ஆக்குதல் எளிது. பணம் கணக்கில் வந்ததென உறுதி செய்த பின்னரே அனுப்புதல் வேண்டும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் கூறலாகாது. பரிசு வந்ததென்றும், பெருங்கட்டளை உண்டு, பதிவுப்பணம் அனுப்புகவென்றும் கூறுவோரை விலக்குக. புதியவரின் முதற் கட்டளைக்குப் பாதிப் பணத்தையாவது முன்கூட்டிப் பெறுதல் நன்று. கடனுக்குக் கொடுத்தால் தொகையையும் திருப்பித் தரும் நாளையும் செய்தியாக எழுதி அனுப்பி, அவரது சம்மதத்தையும் எழுத்திற் பெறுதல் வேண்டும்.

கமக்காரர் மனத்திற் கொள்ள வேண்டியவை

1. வாடும் பொருளுக்கு வட்ஸ்அப்பும் அருகிலுள்ள வாங்குநரும். கெடாத பொருளுக்கு முகநூலும் பொதிச்சேவையும். பெருந்தொகை நெல்லுக்குப் பல ஆலைக்காரரிடம் ஒரே நாளில் விலை கேட்டல்.

2. ஒரு போகத்தில் ஒரு முறையை மட்டும் தொடங்கி ஒழுங்காக நடத்துக. பயன் கண்ட பின்னர் இரண்டாவதைச் சேர்க்க.

3. முழு விளைவையும் புதிய வழியில் விட வேண்டாம். முதலாண்டில் ஒரு சிறு பங்கை மட்டும் விற்றுப் பார்க்க. பழைய வியாபாரியுடன் உள்ள உறவை அவசரமாக முறித்தலும் வேண்டாம்.

4. முற்பணம் பெறுமுன், அதனால் விலை பேசும் உரிமை போகின்றதா எனச் சிந்திக்க. கூடுமாயின் விளைவின் ஒரு பகுதியையேனும் கட்டுப்படாது வைத்திருக்க.

5. விற்ற நாள், வாங்கியவர், நிறை, விலை, கூலி, கழிவு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுக. போக முடிவில் எவ்வழியிற் கிலோவிற்குக் கூடிய தொகை கையில் எஞ்சியதென அதுவே காட்டும்.

பயிர்ச்செய்கை பற்றிய ஐயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். விற்பனவுக் குழு அமைக்க விரும்புவோர் தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரையும் கமநல சேவை நிலையத்தையும் அடுத்த போகத்திற்கு விதை எடுக்குமுன்னரே நாடுதல் வேண்டும்.